எங்க ஆடு இல்லீங்க

இயேசு மரி சூசை துணை

வெள்ளிமலை
3.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஃபோன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எங்கள் பள்ளி விடுதி வராந்தாவில் ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று உங்கள் ஃபோன் அடித்து ஓய்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. கல்லூரி விடுமுறையில் நாம் எழுதிக்கொண்டது போல. அப்போது நீங்கள் எனக்கு அண்ணி இல்லை.

வெள்ளிக்கிழமை மலையிலிருந்து வீட்டுக்கு இறங்கிப் போயிருந்தேன். அன்று பார்த்து கால்நடை மருத்துவர் வந்து பட்டி வாசலில் நின்றார். ஆடுகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆட்டுச் சொந்தக்காரர் வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சாயங்காலமே கள்ளக்குறிச்சியிலிருந்து பிச்சைமுத்து அண்ணன் வந்துவிட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, "இந்தப் பட்டியில சீக்குன்னு சந்தையில ஒருத்தன் காதுல வுழுந்தா போதும்க்கா" என்று மட்டும் சொன்னார்.

மருத்துவரிடம் சொன்னது நீங்கள்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிச்சைமுத்து அண்ணன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் வேறு யாருக்காவது பாதிக் குட்டி வாரத்துக்கு விட்டுவிட்டால் அம்மா அப்பாவுக்கு என்ன மிச்சம்? நான் டீச்சர் டிரெய்னிங் படித்தது அந்த ஆடுகளால். அண்ணன் டிராக்டர் ஓட்டக் கற்றது அந்த ஆடுகளால். உங்கள் கல்யாணப் புடவையும் அதில்தான் வந்தது.

தீபாவளிக்கு முன்னால் உளுந்தூர்பேட்டைச் சந்தைக்கு ஆடுகள் போக வேண்டும். நீங்கள் போய், தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்கே வந்து உங்களைக் கூட்டிப்போவதாக அண்ணன் சொல்கிறார். காய்ச்சலும் இடுப்பு வலியும் ஊரில் யாருக்குத்தான் இல்லை?

நீங்கள் பிறந்த வீட்டுக்குப் போனதிலிருந்து உங்களுக்குக் கறந்து வைக்கும் காலைப் பாலை வேறு யாருக்கும் கொடுக்காமல் அம்மாவே குடிக்கிறார். இதை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் நாத்தனார்,
சகாயமேரி

----

மணலூர்பேட்டை
9.8.2025

அன்பு சகாயா,

நீ எனக்கு "நீங்கள்" போட்டு எழுதிய முதல் கடிதம் இது. கல்யாணத்தன்று உன் அம்மா, இனிமேல் அண்ணி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொன்னபோது, என் காதில் "செத்தாலும் மாட்டேன்டி" என்றாய். கோபம் வந்தால்தான் உனக்கு மரியாதை வரும் போலிருக்கிறது. எழுதிக்கொள். நான் "நீ" என்றுதான் எழுதுவேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். யாரும் தூண்டிவிடவில்லை. அப்பாவின் கைத்தடியை ஊன்றிக்கொண்டு டவுன் பஸ் ஏறி, கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களோடு நானும் வரிசையில் நின்று, எந்தெந்த ஆடு சினை கலைந்து குட்டி வீசியது என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ மலைமேல் விடுதியில் இருந்ததால் உனக்கு முழுதும் தெரியாது. அதனால் எழுதுகிறேன். மாசி மாதத்திலிருந்து எனக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். விடியும்போது பாய் நனைந்திருக்கும். பிறகு இடுப்பின் பின்பக்கம், வலது பக்கமாக ஒரு வலி. படுக்கையில் புரள வேண்டுமென்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு புரண்டேன். பட்டி கூட்டக் குனிந்தால் நிமிர முடியாது. அத்தை பாவம், உடம்பு தேறட்டும் என்று ஆட்டுப்பாலைக் கறந்த சூட்டோடு, காய்ச்சாமல், சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். காய்ச்சினால் சத்து போய்விடும் என்றார்.

உன் அண்ணன் என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் முதலில் கேட்டதே, "வூட்ல ஆடு மாடு இருக்குதா?" என்றுதான். மார்ட்டின் "இல்லீங்க" என்றார். நானும் தலையாட்டினேன். சகாயா, அது பொய்யே இல்லை. உங்கள் வீட்டில் அப்படித்தான் பேசிப் பழக்கம். ஆடு பிச்சைமுத்து அண்ணனுடையது. மேய்க்கிறோம், குட்டியில் பாதி அவருக்கு, பாதி நமக்கு, பால் நமக்கு. வாரத்துக்கு விட்ட ஆட்டை நம்ம ஆடு என்று வாய்தவறிச் சொன்னால்கூட அத்தைக்குப் பிடிக்காது. அடுத்தவர் பொருள்மேல் ஆசைப்பட்ட மாதிரி ஆகிவிடும். வந்த புதிதில் நான் அப்படிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது உனக்கே தெரியும். ஆக, ஆடு இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு என்ன வைத்தியமோ அதைச் செய்தார்கள். மூட்டுவாதம் என்றார்கள். வலி மாத்திரை தின்றே ஆனி வரை ஓட்டினேன்.

இங்கே வந்தபின் அப்பா வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண் டாக்டர். என்னைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பை அழுத்தினார். நான் கத்தினதும் விட்டுவிட்டு, பேச்சுக் கொடுக்கிற மாதிரி கேட்டார்:

"காலைல எழுந்து என்னென்ன வேலைம்மா செய்வீங்க?"

"பட்டி கூட்டுவேங்க. பால் கறப்பேன். ஆடு குட்டி போட முடியாம கஷ்டப்பட்டா கைய வுட்டு இழுப்பேன்."

"ஆடு இல்லைன்னு பழைய சீட்டுல எழுதியிருக்கே?"

"எங்க ஆடு இல்லீங்க. பிச்சைமுத்து அண்ணன் ஆடு."

அவர் அந்த வரியைப் பேனாவால் அடித்தார். "யாரு ஆடுன்னு கிருமிக்குத் தெரியுமாம்மா?" என்றார்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். புருசெல்லா என்று ஒரு கிருமி. மாட்டுக்கு வந்தால் கன்றுவீச்சு நோய் என்பார்களே, அதேதான். ஆட்டுக்கும் சினை கலையும். பச்சைப் பாலிலும் குட்டி போடும் ஈரத்திலும் இருந்து மனிதருக்கு வரும். வந்தால் மூட்டில் போய் உட்காருமாம். எனக்கு முதுகெலும்பு இடுப்போடு சேர்கிற மூட்டில் உட்கார்ந்திருக்கிறது. மாதக்கணக்கில் மாத்திரை தின்றால் போய்விடும். விட்டுவிட்டால் அந்த மூட்டைத் தின்றுவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு தவறாகச் சொல்லிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்? சந்தைக்குப் போகிற கிடாய்கள் வெட்டுக்குப் போகும். பெட்டை ஆடுகளை யாரோ வளர்க்க வாங்குவார்கள். அந்தப் பட்டியிலும் என்னைப் போல ஒருத்தி கையை விட்டுக் குட்டியை இழுப்பாள். அவள் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியப்போவதில்லை. அதற்காகச் சும்மா இருக்க முடியாது.

இடுப்பு வலி ஊரில் யாருக்குத்தான் இல்லை என்று கேட்டிருக்கிறாய். நானும் அதைத்தான் கேட்கிறேன். யார் யாருக்கு இருக்கிறது?

உன்
ஏஞ்சல்

----

இயேசு மரி சூசை துணை

வெள்ளிமலை
24.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "ரெண்டு புஸ்தகம் படிச்சிட்டு இந்தப் பட்டிக்கு நோவு பேரு வெச்சிக்கினு போயிட்டா" என்றார். பால் விஷயத்தை வாசித்தபோது மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு சொம்புப் பாலுக்கு இப்படி ஒரு பெயர் கிடைக்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். அந்த வீட்டில் எங்களுடையது என்று அவர் துணிந்து சொல்வதே அந்தப் பால் ஒன்றைத்தான்.

அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சொன்னத வாபஸ் வாங்கினா வூடு. இல்லன்னா அவ அங்கியே இருக்கட்டும்." எனக்கு இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நீங்கள் மட்டும் என்ன, கொஞ்சமாவது இறங்கி வந்தீர்களா? கோவிலில் இரண்டு பேர் என்னைப் பிடித்து, உங்க அண்ணிக்கு டிபியாமே என்று கேட்டார்கள். உங்கள் மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போகிறதை உங்கள் ஊர்ப்பக்கம் யாரோ பார்த்து இங்கே சொல்லியிருக்கிறார்கள். டிபிக்குக் கொடுக்கிற மாத்திரைதானாமே அது. இல்லை என்று சொன்னால், அப்படியானால் என்ன நோய் என்பார்கள். ஆட்டு நோய் என்று நான் எப்படிச் சொல்வேன்?

மழை பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு எப்போதும் போல முதுகு. அம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கிறது. பூசையில் முழங்கால் போட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வயசாகிறது, வேறொன்றும் இல்லை. வேப்பெண்ணெய் போடுகிறார்.

சகாயமேரி

----

மணலூர்பேட்டை
30.8.2025

அன்பு சகாயா,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அத்தைக்கு எந்த முட்டி? சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா? நீ மலையில் இருப்பதால் உன்னிடம் சொல்ல மாட்டார். விடியற்காலையில் அவர் ஜாக்கெட் நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார். முட்டியும் முதுகும் வயசால் வீங்கியிருந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எனக்கு இருபத்தாறு வயசு.

அவருடைய பாலுக்கு நான் கெட்ட பெயர் வைக்கவில்லை. காய்ச்சிக் குடிக்கட்டும். அவ்வளவுதான். அவர் கொடுத்தது ஆசையாகத்தான் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் இன்னொன்று இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இத்தோடு விட்டுவிடுவேன்.

என் வயிற்றில் இருந்தது பங்குனியில் தங்காமல் போனது உனக்குத் தெரியும். அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்தக் காதறுந்த கறுப்பு ஆடு குட்டி வீசியது. அதற்கு முன்பும் இரண்டு ஆடுகள் வீசியிருந்தன. செத்த குட்டி பாதியில் நின்றுவிட்டது. யாருக்கும் கை போகவில்லை, என் கைதான் சின்னது. நான் மண்டியிட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஆதிமூலம் வீட்டுப் பெண்கள் நின்றார்கள். அத்தை அவர்களிடம், "இவ கால் வெச்ச நேரம், இந்த வூட்ல ஒண்ணும் தங்கல" என்றார். மணிக்கட்டு வரை ரத்தத்தோடு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மார்ட்டினும் கேட்டார். ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

என் குழந்தை போனதும் இந்த நோயால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். இருக்கலாம், இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உறுதியாகச் சொல்ல முடியாததை அவர் சொல்லவில்லை. உங்கள் தெருவில் சொல்லிவிட்டார்கள்.

என் காலால் அந்தப் பட்டிக்கு எதுவும் வரவில்லை. அந்தப் பட்டியிலிருந்துதான் என் கைவழியே எனக்கு வந்தது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

மார்ட்டினிடம் சொல். அன்றைக்கு டாக்டரிடம் ஆடு இல்லை என்று சொன்னதற்காக எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. நானும்தான் தலையாட்டினேன். இன்றைக்கு எல்லாம் தெரிந்தபிறகும் இல்லை என்கிறாரே, அதற்குத்தான். வீடு வேண்டுமானால் வாயை மூடு என்றால், அந்த வீட்டுக்குள் நான் என்ன பேசிக்கொண்டிருப்பேன்?

அத்தையை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. எந்த டாக்டரானாலும் சரி, ஆடு மாடு இருக்கிறதா என்ற அந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்பார்கள். அதற்கு "இருக்குது" என்று சொல்லச் சொல். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

டிபியா என்று கேட்பவர்களிடம் ஆட்டு நோய் என்றே சொல். எனக்கு வெட்கமில்லை. நான் எந்தத் தப்பும் செய்து இதை வாங்கவில்லை, வேலை செய்து வாங்கினேன்.

ஏஞ்சல்

----

மணலூர்பேட்டை
22.9.2025

சகாயா,

பதில் இல்லை. எழுத மாட்டாய் என்றால் எழுத வேண்டாம், வாசித்தால் போதும்.

கைத்தடியை வைத்துவிட்டேன். நேற்று பெண்ணையாற்றுப் பாலம் வரை நடந்து போய் வந்தேன். திரும்பும்போது கொஞ்சம் இழுத்தது. ஆனாலும் நடந்தேன்.

கால்நடை மருத்துவரை மறுபடியும் பார்த்தேன். ஆடு வளர்ப்பவர்கள் சம்மதிக்காமல் அவர் பட்டிக்குள் இறங்க மாட்டாராம். நல்லது. சந்தைக்கு யாருடைய சம்மதமும் வேண்டாமே. தீபாவளிச் சந்தையன்று உளுந்தூர்பேட்டையில் நிற்பேன். பிச்சைமுத்து அண்ணன் வண்டியிலிருந்து ஆடுகள் இறங்கும்போது, எந்தெந்தப் பெட்டை ஆட்டை வளர்க்க வாங்கக் கூடாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். அவரிடம் சொல்லிவிடு. முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன்.

அத்தையின் முட்டி எப்படி இருக்கிறது?

ஏஞ்சல்

----

இயேசு மரி சூசை துணை

புளியங்கொட்டாய்
5.10.2025

அடியே ஏஞ்சல்,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு ஒரு வாரமாக இங்கேதான் இருக்கிறேன்.

நீ சொன்னபடி விடியற்காலையில் அம்மாவைத் தொட்டுப் பார்த்தேன். முதுகெல்லாம் ஈரம். "இன்னாடி, பொணத்தத் தொட்டுப் பாக்குற மாதிரி பாக்குற?" என்று திட்டினார். முட்டி பனங்காய் மாதிரி இருந்தது. கழிவறைக்கே அப்பாவும் நானும் தூக்கிக்கொண்டு போகும்படி ஆகிவிட்டது. அப்பாவுக்குக் குனிய முடியவில்லை. யார் யாருக்கு வலி இருக்கிறது என்ற உன் கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே பதில் இருந்தது, நான்தான் எண்ணிப் பார்க்கவில்லை.

அம்மா முடியாமல் கிடப்பதைக் கேள்விப்பட்டு பிச்சைமுத்து அண்ணன் தானே காரை எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றினார். கச்சிராயபாளையம் தாண்டியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆட்டப் பத்தி அங்க இன்னாத்துக்கும்மா? முட்டி வலிக்கு முட்டியக் காட்டினா போதாதா?" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், ஆட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு போனேன்.

உனக்கு நோயைக் கண்டுபிடித்த அதே பெண் டாக்டரிடம்தான் போனோம். பிச்சைமுத்து அண்ணனும் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார். டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்தார், காய்ச்சலைக் கேட்டார், பிறகு அதைக் கேட்டார். "ஆடு மாடு ஏதாவது இருக்கா பாட்டி?"

அம்மாவுக்குப் பழக்கம் இருக்கிறதே, வாய் பாதி திறந்துவிட்டது. "எங்க..." என்று ஆரம்பித்தார். நிறுத்திக்கொண்டார். முட்டியைப் பார்த்தார். பிறகு டாக்டரை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"இருக்குதுங்க. எங்க ஆடுதான்."

என் வாழ்நாளில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. டாக்டர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனார். அவருக்கு என்ன தெரியும்?

வெளியே வந்ததும் பிச்சைமுத்து அண்ணன், "எங்க ஆடுன்னு சொல்லிட்டியேக்கா. நாளைக்கு மொத்தத்தயும் கேப்பியா?" என்றார். பாதி சிரிப்பு, பாதி கோபம்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடியே, "குட்டிய இழுத்தது நானு, என் மருமவ. சீக்கு எங்க மூட்டுல கீது. அப்ப ஆடு யாருது?" என்றார்.

அவர் போய்க் காரை எடுத்துவந்தார். எங்களை இறக்கிவிட்டபிறகு, "மாட்டு டாக்டரக் கூப்புட்டு ரத்தம் எடுத்துக்குங்க. சந்தைக்கு இந்தத் தடவ வாணாம். அதுக்கப்புறம் ஆட்ட இங்க வுடுறனா இல்லியான்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். விடமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறார். பரவாயில்லை.

அம்மாவுக்கு அதே நோய்தான் என்று நேற்றுச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறோம். பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை ஆடுகளுக்கு ரத்தம் எடுக்க வருகிறார்கள். எந்த ஆடு எப்போது வீசியது என்று மருத்துவர் கேட்கிறார். எங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது, உனக்குத்தான் ஒவ்வொன்றும் முகம் தெரியும்.

அண்ணன் பட்டியைத் தானே கூட்டுகிறான், உன் துப்பட்டாவை முகத்தில் கட்டிக்கொண்டு. நீ வருவாயா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. நான் அவனுக்காகக் கேட்கப் போவதில்லை.

அம்மா உனக்கு ஒன்று எழுதச் சொன்னார். மன்னிப்பெல்லாம் இல்லை, உனக்குத் தெரியாதா அவரை. "காய்ச்சினா குடிக்கலாமான்னு அந்தப் பொண்ணக் கேட்டு எழுது" என்றார். டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றேன். "அவளக் கேளு" என்றார்.

சகாயா

----

மணலூர்பேட்டை
9.10.2025

சகாயா,

"அடியே" என்ற ஒரு வார்த்தைக்காக உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சிரிக்காதே.

காய்ச்சினால் குடிக்கலாம் என்று அத்தையிடம் சொல். நன்றாகப் பொங்க வேண்டும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடக் கூடாது. வியாதி ஆடு எது என்று தெரிகிற வரை கறக்கிறவர்கள் கையில் உறை போட்டுக்கொள்ளட்டும், குட்டி போடுகிற ஆட்டிடம் வெறுங்கையோடு யாரும் போக வேண்டாம். காய்ச்சல் விட்டதும் நன்றாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுவார், நிறுத்தவிடாதே. சிறுநீர் சிவந்தால் பயப்பட வேண்டாம். அதற்கும் தெருவில் ஏதாவது சொல்வார்கள், என் மருமகளுக்கும் அப்படித்தான் என்று சொல்லச் சொல்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வருகிறேன். டாக்டர் என்னை ஆட்டைத் தொடக் கூடாது என்றிருப்பதால் வேலிக்கு வெளியே நின்று, காதறுந்தது, சுருட்டைக் கொம்பு, நெற்றியில் வெள்ளை உள்ளது என்று அடையாளம் சொல்வேன். மார்ட்டின் பிடித்துக்கொடுக்கட்டும். கொம்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பது அவருக்குப் பழக்கம்தான். அன்றைக்காவது ஏதாவது பேசுகிறாரா பார்க்கிறேன்.

வேலியைத் தாண்டி வீட்டுக்குள் வருவேனா என்று நீ கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் அத்தை சொன்னதைக் கேட்டு அழுதேன். அது அவருடைய முட்டிக்குப் பதில். என் காலுக்கு இன்னும் பதில் வரவில்லை. "இவ கால் வெச்ச நேரம்" என்று தெருவில் நின்று, ஆதிமூலம் வீட்டுப் பெண்கள் கேட்கச் சொன்னார். அதே தெருவில், அதே ஆட்கள் கேட்க, இல்லை என்றும் அவரே சொல்ல வேண்டும். கடிதத்தில் வேண்டாம், காதோடு காதாகவும் வேண்டாம். முட்டி வலியோடு நிற்க முடியாது என்றால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லட்டும். எனக்கு அவசரமில்லை.

சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவேன், பொங்கின பாலைக் குடிப்பேன். சொல்லவில்லை என்றால் கடைசி ஆட்டுக்கு ரத்தம் எடுத்து முடித்ததும் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பேன். கைத்தடி இல்லாமல் நடப்பேன். தெருவே பார்க்கட்டும், என் காலை.

உன் அண்ணி அல்லாத
ஏஞ்சல்